சோதிக்க வேண்டிய இடம் சமையலறை அன்று

சென்ற மாதம் புற்றுநோய்ப் பிரிவின் உணவு ஆலோசகர் ஓர் அம்மையாரை எங்கள் உயிர்வேதியியல் ஆய்வகத்துக்கு அழைத்து வந்தார். அந்த அம்மையாரின் கணவருக்கு இங்கே கீமோதெரபி நடந்து வருகிறது. மூன்று வாரங்களாக அவர் கீரையையோ, கத்தரிக்காயையோ, வெண்டைக்காயையோ தொடவில்லை. தயிர்ச் சோறும், ரொட்டியும், விலை பாராமல் வாங்கிய ஆப்பிளுமே உணவு. எடை குறைந்திருந்தது, மலச்சிக்கல் வேறு வாட்டியது. காரணம் கேட்டபோது, அம்மையார் கைப்பையிலிருந்து பேனாவைவிடச் சற்றே தடித்த ஒரு கருவியை எடுத்து மேசைமீது வைத்தார். ஒரு முனையில் ஊசி, மறுமுனையில் சிறிய திரை. காயில் ஊசியைக் குத்தினால் திரை பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் காட்டும். பூச்சிமருந்தைக் கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகன், அப்பாவின் உடல்நிலையை எண்ணி வாங்கி அனுப்பியிருக்கிறார்.

"எந்தக் கீரையில குத்தினாலும் சிவப்புதான் டாக்டர். ஆப்பிள் மட்டும்தான் பச்சை. இருக்கிற வியாதி போதாதென்று விஷத்தையும் நானே சமைச்சுக் கொடுக்கணுமா?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்வியில் இருந்த அச்சம் பொய்யன்று. பொய் அந்தக் கருவியில் இருந்தது. ஒரு குவளைக் குடிநீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைக் கலந்து அதில் ஊசியை வைத்தோம். திரை சிவந்தது. அம்மையார் என் முகத்தையும் குவளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

சந்தையில் இவ்வாறு விற்கப்படும் ஊசிக் கருவிகளில் பெரும்பாலானவை அளப்பது மின்கடத்துதிறனை மட்டுமே. காயின் சாற்றில் உப்புகள் மிகுந்திருந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும். அதை நைட்ரேட் என்றோ பூச்சிமருந்து என்றோ பெயர் சூட்டித் திரை காட்டும். கீரைகள் இயல்பாகவே நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் சேர்த்து வைப்பவை. ஒரு கிலோ கீரையில் பொட்டாசியம் மட்டுமே சில கிராம் இருக்கும். பூச்சிக்கொல்லியின் எச்சமோ, இருந்தால், பெரும்பாலும் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. அதாவது பல ஆயிரம் மடங்கு குறைவு. மேலும் பெரும்பாலான பூச்சிக்கொல்லிகள் மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகள். தோலின்மேல் மெழுகுப் படலத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவை. உள்ளே குத்தும் ஊசிக்கு அவை தென்படவே மாட்டா. ஆகவே, நன்றாக வளர்ந்த, ஒரு துளி மருந்தும் படாத கீரையை அந்தக் கருவி சிவப்பு என்று சொல்லும். மருந்தில் குளித்த ஆப்பிளைப் பச்சை என்று சொல்லும்.

இதைப் படிக்கும் குடும்பங்களில் இன்னும் சிலரிடம் இக்கருவி இருக்கக்கூடும். அதன் சொல்லைக் கேட்டு நோயாளியின் தட்டிலிருந்து காய்கறியை எடுத்துவிட வேண்டாம் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன். எழுதும்போது வேறொன்றையும் சொல்லவேண்டும் என்று தோன்றியது. பூச்சிமருந்து எச்சத்தை உண்மையாகவே கண்டறியும் உணரிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் அடிப்படை இந்த மருத்துவமனைக்குள்ளேயே, நாள்தோறும், வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டுக் கொண்டிருக்கிறது.

அவசரப் பிரிவில் உறவினருக்குத் துணையாக இருந்தவர்களில் சிலர் 'கோலினெஸ்டரேஸ்' என்ற சொல்லை இரத்தப் பரிசோதனைத் தாளில் பார்த்திருப்பார்கள். வயலில் மருந்து தெளித்தபோது மயங்கி விழுந்தவர், தவறியோ மனமுடைந்தோ மருந்தைக் குடித்தவர் ஆகியோர் வந்தால் நாங்கள் முதலில் பார்க்கும் அளவுகளில் ஒன்று அது. நரம்பு முனையிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டு செல்லும் பொருள் அசிட்டைல்கோலின். செய்தி சேர்ந்தவுடன் அதை உடைத்துத் துடைக்கும் நொதி அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். கரிம பாஸ்பரஸ், கார்பமேட் என்னும் இரு வகைப் பூச்சிக்கொல்லிகளும் இந்த நொதியின் வாயை அடைத்துவிடும். பூச்சி சாவது அதனால்தான். மனிதருக்கும் அதே நொதி, அதே கதி: கண்மணி சுருங்கும், எச்சில் வழியும், வியர்வை பெருகும், மூச்சுத் தசைகள் தளரும். அட்ரோபினும் பிராலிடாக்சிமும் கொடுத்து, தேவைப்பட்டால் செயற்கை சுவாசமும் அளித்து, அந்த நொதி மீண்டெழும்வரை காத்திருப்பதே சிகிச்சை.

நொதி எவ்வளவு விழித்திருக்கிறது என்பதை அளக்க 1961ஆம் ஆண்டு எல்மன் என்னும் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஓர் எளிய முறையை வெளியிட்டார். நொதிக்கு இரையாக ஒரு கந்தகச் சேர்மத்தைக் கொடுத்து, அருகில் ஒரு நிறமூட்டும் பொருளை வைத்தால், நொதி வேலை செய்யச் செய்ய மஞ்சள் நிறம் எழும். நொதி முடங்கியிருந்தால் நிறம் எழாது. இன்றும் உலகெங்கும் பல ஆய்வகங்கள் இம்முறையையோ இதன் வழிவந்த முறைகளையோ பயன்படுத்துகின்றன.

இங்கே நோயாளியின் இரத்தத்தில் உள்ள நொதியை அளக்கிறோம். அதையே திருப்பிப் போடுங்கள். நல்ல நிலையில் உள்ள நொதியை ஒரு தாளில் தோய்த்து வைத்துக்கொண்டு, கத்தரிக்காயைக் கழுவிய நீரை அதன்மேல் விட்டால்? காயில் அந்த வகை நஞ்சு மிகுந்திருந்தால் நொதி முடங்கும், நிறம் வராது. இவ்வளவுதான் நொதி உணரியின் தத்துவம். சீனத்தில் 2003ஆம் ஆண்டு முதல் இதற்கென நாட்டளவிலான தரநிலையே உள்ளது. கட்டைவிரல் அளவு அட்டையில் வெள்ளையாக ஒரு வில்லை, சிவப்பாக ஒரு வில்லை. வெள்ளையில் நொதி, சிவப்பில் நிறம் தரும் பொருள். காய் ஊறிய நீரில் சில சொட்டுகளை வெள்ளை வில்லையில் விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து, அட்டையை மடித்து இரு வில்லைகளும் ஒட்டுமாறு மூன்று நிமிடம் கையின் வெதுவெதுப்பில் பிடித்தால் போதும். வெள்ளை வில்லை நீலமாக மாறினால் நல்லது. மாறாமல் வெள்ளையாகவே நின்றால்தான் அச்சம். நம் கண்ணுக்குப் பழகிய வழக்கத்துக்கு இது நேர்மாறானது. நிறம் தோன்றுவதைக் கண்டு பதறுவது நம் இயல்பு. இங்கோ நிறம் தோன்றாததே எச்சரிக்கை.

தைவானில் 1980களிலேயே வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதைப் போன்ற சோதனையை உருவாக்கி, விவசாயக் கூட்டுறவுகளிலும் மொத்த விற்பனைச் சந்தைகளிலும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கான நொதியை அவர்கள் எடுத்தது வீட்டு ஈயின் தலையிலிருந்து. மீன் வாங்கும்போது 'ஈ மொய்க்காத மீனை வாங்காதே' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது நினைவுக்கு வருகிறது. ஈயைச் சாட்சிக்கு அழைக்கும் பழக்கம் நமக்கும் புதிதன்று.

இந்த அட்டைகளை உடனே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, நம் சமையலுக்கும் இச்சோதனைக்கும் ஒத்துப்போகாது. வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, கொத்தமல்லி, தக்காளிச் சாறு ஆகியவற்றில் இயற்கையாகவே உள்ள சில பொருள்கள் இந்த நொதியைத் தடுக்கின்றன. மருந்தே படாத சின்ன வெங்காயமும் அட்டையில் குற்றவாளியாக நிற்கும். பச்சையம் மிகுந்த கீரைச் சாறும் நிறத்தைக் குழப்பும். பயிற்சி பெற்றவர் காயை வெட்டாமல் முழுதாக நீரில் அலசிச் சோதித்து இக்குழப்பத்தைக் குறைப்பார். அடுப்படியில் அவசரமாக நிற்பவரால் அது இயலாது. சாம்பாருக்கும் இரசத்துக்கும் வேண்டிய பொருள்களிலேயே பாதி இந்தப் பட்டியலில் இருக்கின்றன!

இரண்டாவது, இது ஒரு குடும்பத்து நஞ்சுகளை மட்டுமே காணும். கரிம பாஸ்பரஸும் கார்பமேட்டும் நீங்கலாக, இன்று வயல்களில் மிகுதியாகப் புழங்கும் பைரித்திராய்டுகள், இமிடாகுளோபிரிட் போன்ற நியோநிகோட்டினாய்டுகள், கார்பென்டசிம் போன்ற பூஞ்சைக்கொல்லிகள், களைக்கொல்லிகள் எதற்கும் இந்த அட்டை குருடு. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இந்தியாவிலிருந்து சென்ற சில மசாலாப் பொடிகளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக அறிவித்த செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். அந்தப் பொடியை இந்த அட்டையில் போட்டிருந்தால் அது வாய் திறந்திருக்காது. குளோர்பைரிபாஸ், பாரத்தியான் போன்றவை வேறு விதத்தில் ஏமாற்றும். அவை நம் கல்லீரலுக்குள் சென்று உருமாறிய பின்னரே முழு வலிமையோடு நொதியைத் தாக்கும். காயின் தோலில் இருக்கும்போது சாதுவாகத் தெரியும். சோதிப்பவர் அதை முதலில் ஆக்சிஜனேற்றம் செய்து உருமாற்றிய பின்னரே அட்டையில் விட வேண்டும்.

மூன்றாவது, அளவு. ஒரு பூச்சிக்கொல்லிக்கென்று தனியாக வரம்பு நிர்ணயிக்கப்படாதபோது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொதுவாகக் கொள்ளும் வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பத்து டன் காய்கறி ஏற்றிய லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த லாரி முழுவதிலும் சேர்த்து ஒரு பாராசிட்டமால் மாத்திரையில் ஐந்தில் ஒரு பங்கு எடையுள்ள நஞ்சு. அட்டையோ, பல பூச்சிக்கொல்லிகளில், கிலோவுக்கு அரை மில்லிகிராமிலிருந்து சில மில்லிகிராம் வரை இருந்தால்தான் கண்டறியும். லாரிக்குப் பத்து மாத்திரை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஐந்தில் ஒரு பங்கைக் காண வாயு அல்லது திரவ வண்ணப்பிரிகைக் கருவியோடு இணைந்த நிறை நிறமாலைமானி வேண்டும். ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான பூச்சிக்கொல்லிகளைத் தேடும் அக்கருவிகள் கோடி ரூபாய்க் கணக்கில் விலை உள்ளவை. முடிவு வர நாள்கள் ஆகும். அதற்குள் கீரை சமைத்து உண்டு செரித்துப் போயிருக்கும்.

இவ்வளவு குறைகள் உள்ள ஒன்றை ஏன் புகழ்கிறேன்? குறைகள் எல்லாம் வீட்டில் தனியாக ஒருவர் பயன்படுத்தும்போது பெரும் குறைகள். ஒரு சந்தையின் வாயிலில், பயிற்சி பெற்ற இருவர், நூறு மூட்டைகளிலிருந்து மாதிரி எடுத்து, ஐயத்துக்குரிய நான்கைந்தை மட்டும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள் என்றால், அதே அட்டை பெரும் துணை. வரம்பைச் சிறிது தாண்டிய சரக்கை அது தவறவிடலாம். பல மடங்கு தாண்டியதை, முந்தைய நாள் மாலை தெளித்து மறுநாள் காலை பறித்ததை, அது பிடித்துவிடும். உடனடித் தீங்கு செய்வது அந்த வகைச் சரக்குதான்.

சோதனை எங்கே நடக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதை நம் நாட்டின் இரண்டு துயரங்கள் காட்டுகின்றன. 1958ஆம் ஆண்டு கேரளத்தில், சரக்குப் பயணத்தில் பாரத்தியான் கசிந்து கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தியாவில் பூச்சிக்கொல்லிகளுக்கென்று தனிச் சட்டம் 1968ஆம் ஆண்டு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2013ஆம் ஆண்டு ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் ஓர் ஊர்ப் பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது என்பது தடயவியல் ஆய்வில் சில நாள்கள் கழித்தே உறுதியாயிற்று. இரண்டுமே எச்சம் என்ற அளவைத் தாண்டிய நேரடிக் கலப்பு என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு நஞ்சுகளும் மேலே சொன்ன அதே நொதியைத் தாக்குபவை. இரண்டு இடங்களிலும் அந்த நொதி சோதிக்கப்பட்டது உண்டவர்களின் உடலில்தான், உணவில் அன்று. இதைத்தான் நான் மாற்றச் சொல்கிறேன். நஞ்சை அளக்கும் கருவியாக மனிதரின் நரம்பைப் பயன்படுத்தும் வழக்கம் ஒழிய வேண்டும்.

செய்ய முடியாத காரியமா இது? மீன் விஷயத்தில் செய்திருக்கிறோம். மீனில் ஃபார்மலின் கலக்கும் செய்தி தமிழகத்திலும் கேரளத்திலும் பரவியபோது, கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மலினையும் அம்மோனியாவையும் சில நிமிடங்களில் காட்டும் தாள் பட்டையை உருவாக்கியிருந்தது. 2018ஆம் ஆண்டு கேரள உணவுப் பாதுகாப்புத் துறையினர் அதை எல்லைச் சோதனைச் சாவடிகளுக்குக் கொண்டு சென்று லாரிகளை மறித்துச் சோதித்தனர். டன் கணக்கில் மீன் பிடிபட்டது. செய்தி பரவிய வேகத்திலேயே அனுப்புபவர்கள் அஞ்சத் தொடங்கினர். பட்டையின் துல்லியத்தைவிட, பட்டை நிற்கும் இடம் அங்கே வேலை செய்தது.

கறிவேப்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் செல்லும் கறிவேப்பிலையும் வெண்டைக்காயும் பூச்சிமருந்து எச்சத்துக்காகக் கூடுதல் சோதனைப் பட்டியலில் வைக்கப்பட்டவை. அங்கே இறங்கும் சரக்கில் குறிப்பிட்ட விகிதத்தைத் துறைமுகத்திலேயே மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள். அதே இலை கோயம்பேட்டுக்கு வரும்போது எத்தனை கட்டுகள் சோதிக்கப்படுகின்றன? நம் மாநிலத்தில் வேலை நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் உள்பட நாடெங்கும் உள்ள ஆய்வகங்கள் மத்திய அரசின் கண்காணிப்புத் திட்டத்தில் பல ஆண்டுகளாகச் சந்தை மாதிரிகளை ஆய்ந்து வருகின்றன. அவை நாட்டின் நிலவரத்தைச் சொல்லும். இன்று காலை நீங்கள் வாங்கிய கட்டைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டா. 1999ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இன்று மாநிலமெங்கும் உள்ளன. விளைவித்தவரே கொண்டுவந்து விற்கும் அந்த இடம் நொதி அட்டைக்கென்றே அமைந்ததுபோல எனக்குத் தோன்றுகிறது.

இதில் விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எண்ணம் எனக்கில்லை. மருந்து அடித்த பின் இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. வெண்டையும் கத்தரியும் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டிய பயிர்கள், காய்ப்புழு காத்திருப்பதில்லை, முற்றிய வெண்டையை எவரும் வாங்குவதில்லை. அவர் என்ன செய்வார்? வயலிலோ கூட்டுறவு நிலையத்திலோ பறிப்பதற்கு முன்பே சோதித்துச் சொன்னால், நான்கைந்து நாள் தள்ளிப் பறிக்க அவருக்கு வழி இருக்கும். வெயிலும் காற்றும் அதற்குள் எச்சத்தைப் பெருமளவு சிதைத்துவிடும். சந்தைக்கு வந்த பின் பிடிபட்டால் முழு இழப்பு. மருந்து தெளிக்கும் கைகளும் அவருடையவையே என்பதை அவசரப் பிரிவில் இருப்பவர்கள் நன்கறிவோம். உண்பவருக்கு மிகச் சிறு அளவில் சேர்வது, தெளிப்பவரின் தோலில் பன்மடங்காகச் சேர்கிறது.

புதிய உணரிகளைப் பற்றியும் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2022ஆம் ஆண்டு வெள்ளி நுண்துகள்களைக் கண்ணாடியில் படியவைத்து, ஆப்பிளின் தோலில் இட்ட பாரத்தியானை, பழத்தைச் சிதைக்காமல், ஐந்து நிமிடத்தில் கண்டறிந்து காட்டினர். பஞ்சால் தோலைத் துடைத்து எடுத்த எச்சத்தின்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய கைரேகைபோல ஒளியைச் சிதறடிக்கும். வெள்ளித் துகள்கள் அந்த மங்கிய ரேகையைப் பல மடங்கு பெரிதாக்கும். 1958இல் கேரளத்தில் கொன்ற அதே பாரத்தியான். பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கையுறையின் விரல் நுனிகளில் உணரிகளைப் பதித்து, பழத்தைத் தொட்டே அறிய முயன்றிருக்கிறார்கள். இவை நம் சந்தைக்கு வரும் நாள் வரட்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை என்பதே என் வாதம். நாற்பதாண்டு பழைய ஈத்தலை நொதியே இப்போதைக்குப் போதும்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். வரம்பு என்பதன் பொருளை முதலில் தெளிவாக்க வேண்டும். முறையாகப் பயிரிட்டால் இவ்வளவுதான் எஞ்சும் என்ற கணக்கில் வகுக்கப்படும் வேளாண் அளவு அது. அதைத் தாண்டுவது சட்ட மீறல். தாண்டிய காயை ஒருவேளை உண்டதால் உடனே நோய் வரும் என்பது அதன் பொருளன்று. மறுபக்கம், காய்கறியைக் கைவிடுவதால் வரும் கேடு உடனடியானது. எங்கள் நோயாளிகளிடம் கண்கூடாகப் பார்ப்பது. புண் ஆறுவது தாமதமாகும், சர்க்கரை அளவு குலையும், குடல் நின்றுபோகும்.

கழுவுவதால் பயன் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு பூச்சிக்கொல்லிகளில் ஒன்பதின் எச்சத்தை ஓடும் குழாய் நீர் குறைத்தது. காய்கறி கழுவும் திரவங்கள் அதைவிடச் சிறப்பாக ஒன்றும் செய்யவில்லை. அந்தப் புட்டிகளுக்குச் செலவிட வேண்டாம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017ஆம் ஆண்டு, மேலே சொன்ன ஒளிச்சிதறல் உணரியைக் கொண்டே, ஆப்பிளின் தோலில் மருந்து எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்தார்கள். லிட்டருக்குப் பத்து கிராம், அதாவது ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி ஆப்ப சோடா கலந்த நீரில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஊறவைத்தால் தோலின் மேற்பரப்பில் இருந்த இரு மருந்துகளும் நீங்கின. தோலுக்குள் ஊடுருவிய பகுதி நீங்கவில்லை. அதற்குத் தோலைச் சீவுவது ஒன்றே வழி. அவர்கள் சோதித்தது இரண்டே மருந்துகள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்களின் வீட்டில் சோடா நீரில் ஊறிய காயை நல்ல நீரில் இரண்டு முறை அலச மறக்க வேண்டாம். வெட்டிய பிறகு ஊறவைக்காதீர்கள், கழுவிவிட்டு வெட்டுங்கள்.

சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியத்தைக் குறைக்கக் காயை நறுக்கி மிகுந்த நீரில் வேகவைத்து வடிக்கிறீர்கள். அது அதற்காகச் செய்வது, தொடர்ந்து செய்யுங்கள். நீரில் கரையும் எச்சங்கள் சில அதோடு போவது உபரி. கீமோதெரபி எடுப்பவர்களுக்கு வேகவைத்த காய்கறிகளையே ஆலோசகர் சொல்லியிருப்பார். அதை மாற்ற வேண்டியதில்லை. கீரையை ஒரே வியாபாரியிடம் ஒரே வகையாக நாள்தோறும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குவதும் நல்லது. ஒரே மருந்து தொடர்ந்து சேரும் வாய்ப்பு குறையும்.

ஊருக்கு அறிவுரை சொல்லும் முன் நம் கூரையின்கீழ் பார்க்க வேண்டும் அல்லவா? இந்த மருத்துவமனையின் சமையற்கூடம் நாள்தோறும் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குச் சமைக்கிறது. அதற்கு வரும் காய்கறியை வாடல், அழுகல், எடை ஆகியவற்றுக்காகப் பார்க்கிறார்கள்; நஞ்சுக்காக எவரும் பார்ப்பதில்லை. இரண்டு மாடி மேலே எங்கள் ஆய்வகத்தில் அதே நொதியை அளந்துகொண்டிருக்கிறோம். வாரத்தில் சில நாள்கள் வந்திறங்கும் காய்களில் மாதிரி எடுத்து நொதிச் சோதனை செய்யவும், முடங்கிய மாதிரிகளை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பவும், முடிவைப் பெயர் குறிப்பிடாமல் இதே செய்தி மடலில் வெளியிடவும் அனுமதி கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். காலையில் ஒரு மூட்டை தவறிப்போனால் மதியத்துக்கு எதைச் சமைப்பது என்று சமையற்கூட மேற்பார்வையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. முந்தைய நாள் மாலையிலேயே சரக்கை வரவழைக்க வேண்டும். அதற்குக் குளிர் அறையில் கூடுதல் இடம் வேண்டும். பேச்சு அங்கே நின்றிருக்கிறது. நோயாளிகளின் குடும்பத்தார் கருத்துப் பெட்டியில் இதைக் குறித்து நான்கு வரி எழுதிப் போட்டால் அந்தப் பேச்சு நகரும்.

அந்த அம்மையார் சென்ற வாரம் மீண்டும் வந்திருந்தார். கணவர் முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிடத் தொடங்கிவிட்டார் என்றார். கருவியை என்ன செய்வது, மகன் ஆசையாக வாங்கித் தந்ததாயிற்றே என்று கேட்டார். அவர்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர். கோடையில் உப்பு ஏறும். நீரில் உப்பு கூடுகிறதா குறைகிறதா என்று தோராயமாகப் பார்க்க அந்த ஊசி உதவும் என்றேன். சிரித்துக்கொண்டே அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.